குணேஸ்வரி ஒளித்த ஒரு சொல்

ஒரு சொல் வாசலில் வந்து நின்றால் குணேஸ்வரி அதை உடனே உள்ளே விடமாட்டாள். மேலும் கீழும் பார்ப்பாள், எங்கேயிருந்து வருகிறாய் என்று விசாரிப்பாள், பையைத் திறந்து காட்டச் சொல்லாத குறைதான். ஆங்கிலச் சொல்லின் முகத்தோடு வருகிற ஜெர்மன் சொல் என்றால் கதவின் சங்கிலியைக்கூடக் கழற்றமாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் அவளும் கணவர் சோதிலிங்கமும் ஜெர்மனியில் அகதிகளாக வந்திறங்கினார்கள். அவர்களைத் தங்கவைத்த பழைய விடுதியில் நடைபாதையின் கோடியில் ஒரு கதவு. அதில் பி, ஏ, டி என்று மூன்று எழுத்து. ஜெர்மன்காரருக்கு அது குளியலறை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு எண்பத்தொன்பது புள்ளி எடுத்த குணேஸ்வரிக்கோ அது கெட்ட அறை. உள்ளே என்ன கெட்டது நடக்கிறதோ என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. சோதிலிங்கம் இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு நாள் ஒரு கிழமையாகும். கல்யாண வீடுகளில் ஒரு மாதமாகும். போன வருடம் கொலோனில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில், குணேஸ்வரி ஒரு குளிர்காலம் முழுவதும் குளிக்காமல் இருந்தாள் என்ற இடத்துக்குக் கதை வந்து சேர்ந்திருந்தது.

பிறகு கடையில் 'கிஃப்ட்' என்று எழுதிய ஒரு டப்பாவை, அன்பளிப்புச் சாமான் என்று எண்ணி, பக்கத்து அறைக் கிழவிக்குக் கிறிஸ்மஸுக்குக் கொடுக்கலாமென்று கூடையில் போட்டாள். ஜெர்மன் மொழியில் அது நஞ்சு. எலிக்கு வைப்பது. கடைக்காரி குறுக்கே பாய்ந்து பறித்திராவிட்டால் அந்தக் கிழவியின் கிறிஸ்மஸ் எப்படி முடிந்திருக்குமோ!

அன்றைக்கே குணேஸ்வரி முடிவெடுத்தாள். இந்த நாட்டுச் சொல் ஒன்றையும் நம்பக்கூடாது. தன்னுடைய ஆங்கிலத்தை மட்டும் நம்பலாம். அது முறையாகப் படித்தது, இலக்கணப் புத்தகத்தோடு வந்தது. மடித்துப் பெட்டியில் வைத்த கூறைச் சேலை போல, வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும் என்று நினைத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

வுப்பர்டாலில், தொங்குரயில் ஆற்றுக்கு மேலே முனகிக்கொண்டு திரும்பும் ஒரு வளைவுக்குப் பக்கத்தில், நான்கு மாடி முதியோர் இல்லம் ஒன்று. அதன் இரண்டாம் மாடியில் குணேஸ்வரி இருபத்திரண்டு வருடமாகப் பராமரிப்பு உதவியாளர். வயது அறுபத்துமூன்று. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். குளிப்பாட்டுவாள், உடுத்துவாள், ஊட்டுவாள், தலை சீவுவாள். முடங்கிய ஒரு கையைச் சட்டைக்குள் நோகாமல் நுழைப்பதில் அந்தக் கட்டடத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அங்கே வீசப்படும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டால் அவளுக்கு உடம்பு கூசும்.

மாடிக்குப் பொறுப்பாளன் எமில். முப்பத்துநான்கு வயது, ஒரு காதில் வளையம். பிரிண்டரில் தாள் சிக்கினால் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்வான். நான்கே எழுத்துத்தான், ஆனால் எழுதினால் இந்தத் தாள் என்னோடு கதைக்காது. முதல் தடவை கேட்டபோது குணேஸ்வரி தேநீர்த் தட்டோடு திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் பாட்டுக்குக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாள் மத்தியானச் செய்தியில், கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர், யாரோ ஓர் அரசியல்வாதியை ஊரே திட்டித் தீர்த்ததைச் சொல்ல 'ஷிட்ஸ்டோர்ம்' என்றார். மலப்புயல்! அவருடைய முகம் கொஞ்சமும் சிவக்கவில்லை. இவர்கள் தெரிந்து சொல்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா, அல்லது தனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிறார்களா என்பது குணேஸ்வரிக்குத் தீராத சந்தேகம்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒருத்தி மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டு 'பிளடி' என்று சொல்லிவிட்டாள். அதிபர் மணியடிக்கச் சொன்னார். தகப்பன் வந்தார், பெரியப்பா வந்தார், சைக்கிளில் மாமா வந்தார். அந்தச் சொல் வெளியே போகட்டும் என்று எல்லா யன்னல்களையும் திறந்து வைத்தார்கள். அது போன திசையில் இருந்த கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை என்றும் பேச்சு. அந்தப் பெண் பிறகு படித்து டொக்டராகிக் கனடாவுக்குப் போய்விட்டாள். ஆனால் ஊரில் இன்றைக்கும் அவளுக்குப் பெயர் 'பிளடி டொக்டர்'தான்.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குத்தான் இருநூற்றுப் பதினேழாம் அறையில் திருமதி ஹெல்விக் வந்து வாய்த்தார்.

திருமதி ஹெல்விக்குக்கு எண்பத்தெட்டு வயது. பங்குனியில் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயின. காதில் முத்துத் தோடு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும் முகம். சொல்வதெல்லாம் விளங்கும், பதில்தான் வராது. பேச்சுப் பயிற்சி ஆசிரியை இரண்டு மாதம் வந்து பார்த்தாள். படம் காட்டினாள், பாட்டுப் பாடினாள், ஓர் எழுத்தும் வரவில்லை. இனிப் பலனில்லை என்று நிறுத்திவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் குணேஸ்வரி ஈரத்துணியால் அவருடைய முகத்தைத் துடைத்தபோது, அந்த முத்துத் தோடுகளுக்கு நடுவிலிருந்து வெண்கல மணி மாதிரி ஒரு சொல் வந்தது.

"பிளடி."

குணேஸ்வரி திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. மறுநாளும் துடைத்தாள், மறுநாளும் வந்தது. தண்ணீரைச் சூடாக்கிப் பார்த்தாள், துணியை மாற்றிப் பார்த்தாள். சொல் மட்டும் மாறவில்லை. வேறு யாராவது அறைக்குள் வந்தால் கிழவியின் வாய் பூட்டிக்கொள்ளும். இது எனக்கென்று சொல்லும் சொல் என்று குணேஸ்வரிக்குப் பட்டது. என்னுடைய நிறத்தைப் பார்த்தா? அந்தத் தலைமுறை ஆட்களில் அப்படிச் சிலர் உண்டு. ஆனால் துடைத்து முடித்ததும் கிழவி இடக்கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொடுப்பார். திட்டுகிற ஆள் ஏன் தட்டிக்கொடுக்கவேண்டும்? அதிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தாள்.

அங்கே சட்டம் ஒன்று உண்டு. பேச்சிழந்தவர் முக்கினாலும் முனகினாலும் அன்றன்றைக்குக் கணினியில் பதியவேண்டும். குணேஸ்வரி ஒவ்வொரு நாளும் 'பேச்சு: மாற்றமில்லை' என்று பதிந்தாள். இப்படி ஒரு கௌரவமான மனுஷியின் வாயில் எஞ்சிக் கிடப்பது இந்த ஒரு சொல்தான் என்று நாலு பேருக்குத் தெரியவேண்டுமா என்பது ஒன்று. தெரிந்தால், உன்னைப் பார்த்துத்தான் திட்டுகிறாள் என்று தன்னை வேறு மாடிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. காலையில் முகம் துடைக்கும் நேரத்துக்கு வானொலியைச் சத்தமாக வைத்தாள். இப்படி ஐந்து மாதம் ஓடியது.

ஐப்பசியில் திருமதி ஹெல்விக்கின் மகன் வந்தார். அறுபது வயதிருக்கும். முப்பது வருடமாக இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் வாசம். கைபேசியில் மனைவியோடு ஆங்கிலம் கதைத்துக்கொண்டே அறைக்குள் நுழைந்தார். குணேஸ்வரியின் பெட்டியில் மடித்திருந்த கூறைச் சேலை தானாகவே விரிந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில், "யுவர் மதர் இஸ் டம், சேர். பட் நொட் டெஃப். இன் த மோர்னிங் ஷி இஸ் வெரி கே" என்றாள்.

அவள் படித்த புத்தகத்தில் டம் என்றால் வாய் பேசாதவர். கே என்றால் உற்சாகமாயிருப்பவர். உங்கள் அம்மாவுக்குப் பேச்சில்லை, ஆனால் காது கேட்கும், காலையில் உற்சாகமாக இருப்பார் என்று சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நின்றாள். மகனின் முகம் சுருங்கியது. அலுமாரிப் பக்கத்தில் துவாய் மடித்துக்கொண்டிருந்த தாதி பாமாவின் கை அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எமிலின் அறையில் டெர்மின், அதாவது வரச்சொல்லிக் குறித்த நேரம். விஷயம்: இல்லவாசி ஒருவரை அவமதிக்கும் சொல்.

அன்று பின்னேரம் வீட்டில் சோதிலிங்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குணேஸ்வரி கடிதத்தை மேசையில் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, டம் எண்டால் என்ன?"

"உமக்குத் தெரியாத இங்கிலீசோ? ஊமை."

"பேந்து ஏன் என்னைக் கூப்பிடினம்?"

"ஜெர்மன்காரனுக்கு டும் எண்டால் மொக்கு, மூளையில்லாத ஆள். தாயை மொக்கு எண்டால் ஆருக்குக் கோவம் வராது?"

"நான் சொன்னது இங்கிலீஸ். அவை ஜெர்மனிலை கேட்டால் நான் என்ன செய்யிறது?"

"குளியலறையைக் கெட்ட அறை எண்ட மனிசியல்லோ நீர்."

"அந்தக் கதையை எடுத்தீங்களோ, இண்டைக்குப் புட்டும் இல்லை, சம்பலும் இல்லை."

சோதிலிங்கம் வெங்காயத்துக்குத் திரும்பினார். குணேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "ஆரோ போட்டுக் குடுத்திருக்கினம். அந்த இந்தியாப் பெட்டைதான். துவாய் மடிக்கிற மாதிரி நிண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தவள்."

"சும்மா ஒரு பிள்ளையிலை பழியைப் போடாதையும்."

"சும்மாவோ? போன கிழமை கோப்பி மெசினடியிலை ரெலிபோனிலை கதைச்சுக்கொண்டு, என்னைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு 'பிட்ச்' எண்டவள். நாய் எண்டு! எனக்கு இங்கிலீஸ் தெரியாதெண்டு நினைச்சிட்டாள்."

அவளுடைய உண்மையான பயம் வேறு. அதைச் சோதிலிங்கத்துக்குக்கூடச் சொல்லவில்லை. டம் என்ற சொல்லுக்கு ஒரு கண்டிப்போடு விட்டுவிடுவார்கள். ஆனால் கிண்டிக்கொண்டு போய், அவரிடமிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லையா என்று யாராவது கேட்டால்? ஐந்து மாதம் பொய் பதிந்தது வெளியே வரும். இருபத்திரண்டு வருட வேலை அதோடு போகும். அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், பக்கத்து அறைகளில் வேலை செய்யும் பாமா.

பாமா கோயம்புத்தூர்ப் பெண், பயிற்சி பெற்ற தாதி, வந்து ஒன்றரை வருடம். ஆரம்பத்தில் நன்றாகச் சிரித்துப் பேசியவள். நாலைந்து மாதமாக முகம் கொடுப்பதில்லை. திங்கட்கிழமை இடைவேளையில் குணேஸ்வரி அவளை ஓய்வறையில் பிடித்தாள்.

"பிள்ளை, நீர்தானே எமிலிட்டைச் சொன்னனீர்?"

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. அந்த சார்தான் மெயில் போட்டிருக்கார். நாளைக்கு ட்ரான்ஸ்லேட் பண்ண எமில் என்னையும் வரச் சொல்லியிருக்கார்." பாமா கோப்பையை மேசையில் வைத்தாள். சற்று ஓங்கியே வைத்தாள். "ஆனா நீங்க என்னைப் பத்தி என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும்."

"நான் என்ன சொன்னனான்?"

"பெட்டைன்னு. ஃபோன்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட. மூணு தடவை கேட்டிருக்கேன். நான் என்ன நாயா ஆன்ட்டி?"

"விசரே உமக்கு? பெட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளை. பெடியன், பெட்டை. என்ரை மகள் ஆரணியையும் நான் பெட்டை எண்டுதான் சொல்லுறது. அவள் டோர்ட்முண்டிலை எஞ்சினியர்!"

"எங்க ஊர்ல பெட்டைன்னா மிருகத்துக்குத்தான் சொல்வாங்க. மனுஷங்களைச் சொன்னா அடி விழும்."

"அப்ப நீர் மட்டும் என்னை பிட்ச் எண்டது?"

"நானா? எப்போ?"

"கோப்பி மெசினடியிலை. என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு."

பாமா யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஐயோ ஆன்ட்டி! அது சுகன்யாதேவி, என் ரூம்மேட். அவளை நான் எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவேன். பாசமா."

"பாசமாய்?"

"அவளும் என்னை அப்படித்தான்."

நாய் என்று கூப்பிட்டுப் பாசம் காட்டுகிறார்கள், பிள்ளை என்ற கருத்தில் சொன்னால் நாய் என்று கேட்கிறார்கள். குணேஸ்வரிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அவள் முழுதாக நம்பிவிடவில்லை. பாசமாய்ச் சொன்னவள் ஏன் என்னைப் பார்க்கவேண்டும் என்ற முள் உள்ளே இருந்தது.

"டம்னு இப்ப யாரும் சொல்றதில்ல ஆன்ட்டி," என்றாள் பாமா. "முட்டாள்ங்கற அர்த்தம்தான் இருக்கு. கே-ங்கறதும் இப்ப தன்பாலை விரும்பறவங்கன்னு ஆயிடுச்சு. தமிழ்லகூட ஊமைன்னு சொன்னா இப்ப மூஞ்சியைச் சுளிப்பாங்க. ஒரு காலத்துல நாற்றம்னா நறுமணம்தானே? இப்ப யாரையாவது உங்ககிட்ட நாற்றம் வருதுன்னு சொல்லிப் பாருங்க."

குணேஸ்வரி கையிலிருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை பாமாவின் பக்கம் தள்ளினாள். பாமா எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா ஆன்ட்டி? காலைல இருநூத்திப் பதினேழுல மட்டும் ஏன் ரேடியோவை அவ்வளவு சத்தமா வைக்கிறீங்க?"

குணேஸ்வரி மேசையிலிருந்த பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டாள். "அவவுக்குப் பாட்டெண்டால் விருப்பம்," என்றாள்.

"செய்தி வாசிக்கிற நேரத்துலயா?" என்றாள் பாமா.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. எமிலின் மேசையில் மின்னஞ்சலின் பிரதி. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் பாமா. நாற்காலியின் நுனியில் குணேஸ்வரி. வாக்கியத்தை எமில் வாசித்தான். டம் என்ற இடம் வந்தபோது அது அவனுடைய வாயில் டும் என்றுதான் விழுந்தது. பிறகு பாமா பேசினாள். ஜெர்மனில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. இவர் படித்த காலத்தில், இவர் படித்த நாட்டில், அந்தச் சொல்லுக்கு வாய் பேசாதவர் என்பதுதான் பொருள், அகராதியில் இன்னும் அது இருக்கிறது, கே என்றது உற்சாகத்தை, இவர் உங்கள் அம்மாவைப் புகழ்ந்தார் என்றாள். குணேஸ்வரி ஒவ்வொரு சொல்லாகப் பின்தொடர்ந்தாள். இந்த இடத்தில் காலை வாரப்போகிறாள், இதோ வானொலியைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். வானொலி வரவேயில்லை.

மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மனைவியின் பாட்டியும் அப்படிச் சொல்வார்," என்றார். "நான் அவசரப்பட்டுவிட்டேன். மன்னிக்கவேண்டும்."

எமில் பேனாவை மூடினான். முடிந்தது. குணேஸ்வரி மூச்சை விட்டாள், எழுந்திருக்கப் போனாள்.

"அப்படியானால் உண்மைதான்," என்றார் மகன், யாரையும் பார்க்காமல். "ஒரு சொல்கூட இல்லை. ஏதாவது ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பேச்சுப் பயிற்சியை முழுதாகக் கைவிடுகிற அந்தத் தாள், எமில், அதையும் கொடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்."

எமில் இழுப்பறையைத் திறந்தான்.

குணேஸ்வரி பாதி எழுந்தபடி நின்றாள். கதவு நான்கடியில். இப்போது போனால் மூன்று வருடத்தில் மாலை போட்டு அனுப்புவார்கள். கிழவி ஒவ்வொரு காலையும் மணிக்கட்டைத் தட்டிக்கொடுப்பார், வானொலி செய்தி வாசிக்கும், அந்த ஒரு சொல் இன்னொரு சொல்லைக் காணாமலே முடிந்துபோகும். கையெழுத்தைப் போடு என்று மகனைப் பிடித்துத் தள்ளுவது தன்னுடைய பொய்.

"ஒரு சொல் இருக்கு," என்றாள் ஜெர்மனில். "எனக்குத் தெரியும். நான் பதியவில்லை."

எமிலின் கை இழுப்பறைக்குள் நின்றது. "எப்போதிலிருந்து?"

"ஐந்து மாதம்."

"ஐந்து மாதமா! என்ன சொல்?"

குணேஸ்வரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். யன்னலையும் சாத்தினாள். பாமாவைப் பார்த்து, "காதைப் பொத்தும் பிள்ளை," என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறந்து அறுபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக, அதைச் சொன்னாள்.

"பிளடி."

இடி விழவில்லை. எமில் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான். "அதற்குப் பிறகு? அந்தக் கெட்ட சொல் எது?"

"அதுதான்!"

"அது கெட்ட சொல்லா?"

மகனின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று குணேஸ்வரி சந்தேகத்தோடு பார்த்தாள். இரண்டும்தான். "பத்தொன்பது வயதில் அம்மா இந்த ஊரில் பிரிட்டிஷ் படையாட்களின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தார்," என்றார். "அங்கேயிருந்த சமையற்காரரிடம் படித்த ஒரே ஆங்கிலம். கிழங்கு கருகினாலும் அதுதான், மழை பெய்தாலும் அதுதான். எனக்கு முதல் வேலை கிடைத்த அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டும் அதைத்தான் சொன்னார். அப்பாவுக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் அது மோசமான சொல். இப்போது லீட்ஸில் பேருந்து பிந்தினால் கன்னியாஸ்திரிகூடச் சொல்வார்."

நால்வரும் இருநூற்றுப் பதினேழுக்குப் போனார்கள். குணேஸ்வரி ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். திருமதி ஹெல்விக் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. மறுபடி துடைத்தாள். ஒன்றுமில்லை. எமில் குணேஸ்வரியைப் பார்த்த பார்வை நன்றாயில்லை. பொய் பதிந்தவள், இப்போது பொய்யும் சொல்கிறாளோ என்ற பார்வை. குணேஸ்வரி கிழவியின் காதோடு குனிந்து, தமிழில், "என்னை மாட்டிவிடப் பாக்கிறியளோ?" என்றாள்.

"நான் துடைக்கிறேன்," என்று மகன் துணியை வாங்கினார். தாய்க்கு முகம் துடைத்துப் பழக்கமில்லாத கை. பிழியாமல் எடுத்துவிட்டார். குளிர்ந்த தண்ணீர் முத்துத் தோட்டில் வழிந்து, பொத்தான் போட்ட சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது.

"பிளடி!" என்றார் திருமதி ஹெல்விக்.

மகன் கட்டிலின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

எமில் சும்மா விடவில்லை. ஐந்து மாதம் பதியாமல் விட்டதற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தான். இனி ஒரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று அதில் இருந்தது. குணேஸ்வரி வாங்கி, இரண்டு தடவை வாசித்து, ஒளித்து வைத்த பொருள் ஏதும் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். ஆனால் மாடியை மாற்றவில்லை. அந்தச் சொல் பெரும்பாலும் அவளுக்குத்தான் வருகிறது, ஆகவே காலைப் பயிற்சியில் அவள் இருந்தே ஆகவேண்டும் என்று, திரும்பி வந்த பேச்சுப் பயிற்சி ஆசிரியை சொல்லிவிட்டாள். பக்கவாதத்தில் மற்றப் பேச்செல்லாம் அடைபட்டுப்போனாலும் வசவு வேறு வழியால் வரும், அந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும் என்று அவள் விளக்கினாள். குணேஸ்வரி தலையாட்டினாள். நம்பவில்லை.

இப்போது தினமும் கணினியில் அந்தச் சொல்லை எழுத்துப் பிசகாமல் பதியவேண்டும். முதல் நாள், திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினாள். பின்னால் நின்று பாமா எட்டிப் பார்த்தாள்.

"ஒரு எழுத்தை விட்டுட்டீங்க ஆன்ட்டி."

"வேணுமெண்டுதான் விட்டனான்."

"எமில் மறுபடி கூப்பிடுவார்."

குணேஸ்வரி விட்ட எழுத்தைப் போட்டாள்.

நான்காவது கிழமை, ஒரு வியாழக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பாலில் காய்ச்சிய ரவைக்கஞ்சி. முதல் கரண்டி உள்ளே போயிற்று. திருமதி ஹெல்விக் கண்ணை மூடினார், திறந்தார். உதடு ஏதோ ஒன்றைத் தேடி அலைந்தது.

"பிளடி... குட்," என்றார்.

பயிற்சி ஆசிரியை கைதட்டினாள். எமில் ஓடிவந்தான். மகனுக்குக் காணொளி போயிற்று. குணேஸ்வரி மட்டும் கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். இரண்டாவது சொல் நல்லது. முதலாவது கெட்டது. இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? பாமாவைக் கேட்டாள்.

"ரொம்ப நல்லாயிருக்குன்னு அர்த்தம் ஆன்ட்டி. உங்களைப் பாராட்டறாங்க."

"கெட்ட சொல்லாலையோ பாராட்டுறது?"

"ஆமா."

"நீர் எனக்குச் சும்மா சமாதானம் சொல்லேல்லைத்தானே?"

பாமா நெற்றியில் அடித்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு முழுவதும் குணேஸ்வரிக்கு அதே யோசனை. இந்த நாட்டில் குளியலறை கெட்டதாகவும் நஞ்சு அன்பளிப்பாகவும் வேஷம் போட்டு வந்ததுண்டு. எதை ஊட்டினாலும் கிழவி குட் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அது சொல்லாகாது, வெறும் விக்கல். உறுதிப்படுத்தாமல் பதிய முடியாது. இன்னொரு பிழை பதிந்தால் வேலையும் போய்விடும்.

மறுநாள் காலை ரவைக்கஞ்சியில் சீனி போடாமல் கொண்டுபோனாள். அறைக் கதவைச் சாத்தினாள். வானொலியை நிறுத்தினாள். திருமதி ஹெல்விக்கின் கழுத்தில் துணியைக் கட்டி, ஒரு கரண்டி ஊட்டிவிட்டு, கதிரையை இழுத்து முகத்துக்கு நேரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமதி ஹெல்விக் மென்றார். நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு குணேஸ்வரியை நெடுநேரம் பார்த்தார்.

"பிளடி," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

குணேஸ்வரி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். குட் வரவில்லை. அவள் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து இரண்டு சீனிப் பொட்டலங்களை எடுத்து, கிண்ணத்துக்குள் கொட்டிக் கலக்கத் தொடங்கினாள்.